29சி பேருந்தும் பேருவகையும்

அன்புள்ள வாசகருக்கு,

அடையாறிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும், உங்கள் மகளின் ஐந்தாம் வகுப்புத் தமிழ் நோட்டிலிருந்து எடுத்து அனுப்பிய பக்கமும் கிடைத்தன. ‘பேருவகை’ என்ற சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுதியிருக்கிறாள்: “29சி பேருந்து வந்ததும் நான் பேருவகை அடைந்தேன்.” அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. விளக்கம் ஏதும் இல்லை. “இலக்கணப் பிழை இருப்பதாகத் தெரியவில்லையே, பிறகு ஏன் தப்பு? இந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருக்கிறது. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர்வரை ஊரைக் குறுக்கே அளக்கிற அந்தப் பேருந்துக்காக மே மாத மத்தியானத்தில் மயிலாப்பூரிலோ அடையாறிலோ நின்று பார்த்தவர்கள் யாரும் உங்கள் மகளைக் குறைசொல்ல மாட்டார்கள். இலக்கணத்திலும் ஓட்டை இல்லை. உவகை என்ற சொல் அடைதல், கொள்ளுதல், எய்துதல் ஆகிய வினைகளோடு ஒட்டும். ‘பேருவகைப் பட்டேன்’ என்று எழுதியிருந்தால் கோடு போட்டிருக்கலாம். பரவசம்தான் ‘படும்’, உவகை படாது. அப்படியிருந்தும் படிக்கிறவருக்கு எங்கோ இடிக்கிறது என்பதும் உண்மை. இடிக்கிற இடத்தை ஆசிரியர் காட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

பேருந்து வருவது சின்ன விஷயம், பேருவகை பெரிய சொல், அதனால் பொருந்தவில்லை என்று சொல்லிவிடலாம். அந்தப் பதில் பாதிதான் சரி. மகிழ்ச்சியைக் குறிக்கிற தமிழ்ச் சொற்கள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவு வாரியாக அடுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஆட்கள் உண்டு, காரணங்கள் உண்டு. ஏதாவது ஒரு பெட்டிக்கடை வாசலில் தொங்கும் செய்தித்தாள் போஸ்டர்களை ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். மேட்டூர் அணை திறந்தால் ‘விவசாயிகள் மகிழ்ச்சி’. மழைக்கு லீவு விட்டால் ‘மாணவர்கள் குஷி’. குற்றாலத்தில் குளிக்க அனுமதித்தால் ‘சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்’. தேர் நிலைக்கு வந்தால் ‘பக்தர்கள் பரவசம்’. பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால் ‘பெற்றோர் பூரிப்பு’. தங்கம் சவரனுக்குக் கொஞ்சம் இறங்கினால் தி.நகர் உஸ்மான் சாலைப் படத்தைப் போட்டு ‘நகைப்பிரியர்கள் மகிழ்ச்சி’. இவற்றில் எதையும் இடம் மாற்றிப் போட முடியாது. விவசாயிகளுக்குக் குஷி வராது. வந்தால் செய்தியில் ஏதோ கிண்டல் இருக்கிறது என்று பொருள். சுற்றுலாப் பயணிகள் பூரிக்க மாட்டார்கள். எந்த இலக்கண நூலிலும் இந்த விதி எழுதப்படவில்லை, ஆனால் உதவி ஆசிரியர்கள் யாரும் பிசகுவதில்லை.

இந்தச் சொற்களில் பல, வந்த இடத்தில் இருந்த பொருளோடு இங்கே தங்கவும் இல்லை. சமஸ்கிருதத்தில் குதூகலம் என்றால் ஆவல், அறியும் ஆசை. சந்தோஷம் என்றால் இருப்பதே போதும் என்கிற மனநிறைவு. உற்சாகம் என்றால் முனைப்பு. தமிழுக்கு வந்ததும் ஆவல் துள்ளிக் குதிக்கிறது. போதும் என்ற மனம் புதுப்புடவைக்கும் பதவி உயர்வுக்கும் உரியதாகிவிட்டது. பரவசம் மட்டும் தன் வேரை மறக்கவில்லை. பிறர் வசமாதல், தன் வசம் இழத்தல் என்பதுதான் அதன் பொருள். ‘நாளை மாலை கச்சேரிக்குப் போய்ப் பரவசப்படலாம் என்றிருக்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. டிசம்பர் சீசன் விமர்சனங்களில் தினம் ஒரு சபையில் ரசிகர்கள் பரவசமடைவதாக எழுதுகிறார்களே, அது வேறு கணக்கு. சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் ‘ஆஹா’ என்பார்கள், ‘சபாஷ்’ என்பார்கள், வெளியே வந்து கேன்டீன் பக்கம் பார்ப்பார்கள்.

சரி, உவகைக்கு வருகிறேன். இது மிகப் பழைய சொல். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது. உவகைக்குச் சொன்ன நான்கு: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. புலன் என்பதற்கு அறிவு என்று உரைகாரர்கள் பொருள் எழுதுகிறார்கள். விளையாட்டு என்பது ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடுவது. இந்தப் பட்டியலில் நான் கவனிப்பது, எவ்வளவு மகிழ்ச்சி என்ற கேள்வியே அதில் எழவில்லை என்பதைத்தான். எதனால் என்று மட்டுமே கேட்கப்படுகிறது. மெய்ப்பாடு என்ற பெயரையும் பாருங்கள். உள்ளே நடப்பது மெய்யில், அதாவது உடம்பில், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது மெய்ப்பாட்டில் சேராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அந்த நான்கிலும் பேருந்து இல்லை. ஆனால் துன்பம் நீங்கிய உவகை என்று ஓர் அடைமொழியையும் தொல்காப்பியர் சேர்த்திருக்கிறார். வெயிலில் நின்ற துன்பம் நீங்கியது என்று உங்கள் மகள் வாதாடலாம். வாதாடட்டும். இருந்தாலும் துன்பம் நீங்குவதால் வருகிற மகிழ்ச்சிக்குப் பேச்சுத் தமிழில் தனி ஏற்பாடு இருக்கிறது: ‘அப்பாடா!’ அதைவிடப் பெரிதென்றால் ‘போன உயிர் திரும்பி வந்தது’, ‘வயித்துல பாலை வார்த்தே’. பேருந்து நிறுத்தத்துக்கு இவையே சொந்தம்.

உங்கள் கடிதத்தில் ‘உவகை, களிப்பு, மகிழ்ச்சி எல்லாம் ஒன்றுதானே’ என்றும் கேட்டிருந்தீர்கள். திருவள்ளுவர் மயிலாப்பூரில் பிறந்தவர் என்பது இந்த ஊர் விட்டுக்கொடுக்காத நம்பிக்கை. முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கோயிலும் இருக்கிறது. நம்பிக்கையை ஒட்டியாவது இந்தக் கேள்வியை அவரிடம் விடலாம். கள்ளுண்ணாமை அதிகாரத்தில் குடித்து நிலைதவறுவதை அவர் ‘களித்தல்’ என்கிறார். களிப்பில் கள்ளின் வாடை அன்று அப்படி அடித்திருக்கிறது. தன் மகனைச் சான்றோன் என்று ஊர் சொல்லக் கேட்ட தாய்க்கு வருவதை 69ஆம் குறளில் ‘உவத்தல்’ என்கிறார். அங்கே களித்தலைப் போட்டிருந்தால் தாயின் நிலை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1281ஆம் குறளில் காதலியின் வாயில் இரண்டு வினைகளை வைக்கிறார்: நினைத்தாலே வருவது களித்தல், நேரில் கண்டதும் வருவது மகிழ்தல். கள்ளுக்கு இவ்விரண்டும் கிடையாது, காதலுக்கு உண்டு என்பது அவள் வாதம். உண்மைதான், கள்ளை நினைத்த மாத்திரத்தில் யாருக்கும் போதை ஏறுவதில்லை.

இதைவிட முக்கியமான சாட்சி 531ஆம் குறள். அளவு கடந்த கோபத்தைவிடக் கெட்டது, மிகுந்த உவகையின் மயக்கத்தில் வரும் மறதி என்பது அதன் கருத்து. அங்கே உவகையும் மகிழ்ச்சியும் அடுத்தடுத்த சீர்களில் நிற்கின்றன. ஏழே சீரில் ஒரு குறளை முடிக்கிற சிக்கனக்காரர், இரண்டும் ஒரே பொருள் என்றால் ஒரு சீரை வீணாக்கியிருப்பாரா? பரிமேலழகர் அதை ‘உவகைக் களிப்பு’ என்றே விரிக்கிறார். அதாவது உவகை தெளிவோடு இருப்பது. அது வரம்பு மீறி மயங்கும்போது மகிழ்ச்சி. பழந்தமிழில் ‘மகிழ்’ என்றால் கள் என்றும், அதன் மயக்கம் என்றும் பொருள் உண்டு. அரசன் மது அருந்திப் புலவர்களுக்கும் பாணர்களுக்கும் பரிசு கொடுத்தபடி வீற்றிருந்த பகல் அவைக்கு ‘நாள்மகிழிருக்கை’ என்று பெயர். இன்று ஓய்வுபெறும் அலுவலருக்குச் சால்வை போர்த்தும்போது ‘பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ என்று எல்லோரும் மிகுந்த தெளிவோடு சொல்கிறோம். சொற்கள் போதை தெளிந்துவிட்டன. உவகையோ புழக்கத்திலிருந்தே போய் மேடையிலும் வாழ்த்து மடலிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆனந்தம் கடைத்தெருவில் வாழ்கிறது: அடையாறு ஆனந்த பவன் என்று உங்கள் பேட்டையின் பெயரோடேயே ஒட்டிக்கொண்டு ஊரெங்கும் போயிருக்கிறது. ‘உவகை பவன்’ என்று ஒரு பெயர்ப்பலகையை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி, அந்த வாக்கியத்தில் உண்மையில் எது இடிக்கிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பேருந்தும் இல்லை, பேருவகையும் இல்லை. ‘நான்’.

வீட்டில் பேசுவதைக் கொஞ்சம் கேளுங்கள். ‘எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு’ என்பது ஒரு சேதியைக் கேட்டதும் சொல்வது. ‘நான் சந்தோஷமா இருக்கேன்’ என்பது ஒரு வாழ்க்கையைப் பற்றிய தகவல். கல்யாணமாகி வெளிநாடு போன மகளிடம் போனில் அம்மா கேட்பது, ‘நீ சந்தோஷமா இருக்கியாடி?’ அங்கே ‘உனக்கு’ வராது. அந்த ‘உனக்கு’வைச் சேர்த்து, ‘இப்ப உனக்குச் சந்தோஷம்தானே?’ என்று கேட்டுவிட்டால் வீட்டில் சண்டை நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூடத் தெரிந்துவிடும். ஒரே சொல், வேற்றுமை உருபு மாறியதும் ஒன்று பாசம், ஒன்று குத்தல். தொலைக்காட்சியில் ‘உங்களைச் சந்திப்பதில் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்று சிரிக்கிறார்களே, அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் உடுத்தியது. ‘உங்களைப் பார்த்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்’ என்றால் முடிந்தது. ஒரு சேதியால் வருகிற சந்தோஷம் தமிழில் நாம் செய்கிற காரியமாக இருப்பதில்லை. அது நமக்கு வருகிறது. பசி, தூக்கம், ஜுரம் எல்லாம் நமக்கு வருகிற அதே நான்காம் வேற்றுமை வாசல் வழியாக வருகிறது. 2016இல் வந்த ‘கபாலி’யில் ரஜினிகாந்த் இந்தச் சிக்கலையே தவிர்த்தார். எனக்கா, நானா, எதற்காக என்று எதுவும் சொல்லாமல் ‘மகிழ்ச்சி’ என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தினார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சென்னையில் காப்பி வேண்டுமா என்று கேட்டாலும் அதுதான் பதில்.

மகிழ்ச்சி பெரிதாகப் பெரிதாக இன்னொன்றும் நடக்கிறது. நாம் அந்தச் சொல்லை நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை விட்டுவிடுகிறோம். ‘அம்மா பூரிச்சுப் போயிட்டா’ இயல்பாக வருகிறது. ‘நான் பூரித்துப் போனேன்’ என்றால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பூரிப்பு முகத்திலும் உடம்பிலும் தெரிவது, பார்க்கிறவர் சொல்ல வேண்டியது. ‘அவனுக்குத் தலைகால் புரியலை’, ‘அவளுக்குக் கால் தரையில பாவலை’, ‘மாமாவுக்கு வாயெல்லாம் பல்லு’: எல்லாமே இன்னொருவரைப் பார்த்துச் சொல்வது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாடும் இதுதானே, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கணக்கு.

நம்மைப் பற்றியே சொல்ல நேர்ந்தால் உடம்பை முன்னால் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். மனசு நிறைஞ்சுது, மெய் சிலிர்த்தது, கண்ணுல தண்ணி வந்துடுத்து. இதில் வெப்பத்துக்கு இடமே இல்லை. கண் குளிரப் பார்த்தேன், காது குளிரக் கேட்டேன், பெத்த வயிறு குளிர்ந்தது, உள்ளம் குளிர்ந்தது. குளிர்காலம் என்று ஒன்று பெயருக்கு மட்டும் இருக்கிற சென்னையில் மகிழ்ச்சி குளிராமல் வேறென்ன செய்யும்? ‘இதயத்துக்கு இதமான வெப்பம் தரும் கதை’ என்று யாராவது மொழிபெயர்த்து வைத்தால் நமக்கு மின்விசிறியைத்தான் தேடத் தோன்றுகிறது. கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் உலா முடிந்து மாட வீதியிலிருந்து கூட்டம் கலையும்போது காதில் விழுவதும் பேரானந்தம் அல்ல. ‘நல்ல தரிசனம்’, ‘பரம திருப்தி’. மயிலாப்பூரின் உச்சபட்ச மகிழ்ச்சி திருப்தி என்ற சொல்லைத் தாண்டுவதில்லை.

இதே கபாலீச்சரத்தில் சம்பந்தர் பூம்பாவைக்குப் பாடியதாகச் சொல்லப்படும் பதிகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன ஒரு பெண்ணிடம், இதையெல்லாம் பார்க்காமல் போவாயா என்று கேட்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஒவ்வொரு விழாவாக அடுக்கிக்கொண்டு போகிறார். அந்தப் பதிகத்தின் பலம் அந்த வரிசையில் இருக்கிறது. வாழ்வது எவ்வளவு இன்பம் என்று தனியாக எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. மாணிக்கவாசகர் தன் ஆனந்தத்தைத் தானே பாடுகிறார், பாரதியும் அப்படித்தான். அவர்களுக்கும் அது சம்பாதித்தது அல்ல, கிடைத்தது. மேடையிலும் ‘நான் பேருவகை கொள்கிறேன்’ சரிதான், ஏனென்றால் மேடையில் ‘நான்’ என்பது ஒரு தனி மனிதர் இல்லை, ஒரு பதவி. ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அந்தப் பதவி இன்னும் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் அவள் வாக்கியத்தில் உள்ள குறை.

இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம் எப்படிச் சொல்லித்தருகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. சொல்லைக் கொடுத்துப் பக்கத்தில் இன்னொரு சொல்லைப் பொருளாக எழுதிப் போடுகிறார்கள்: பேருவகை – மிகுந்த மகிழ்ச்சி. நிகண்டு காலத்துப் பழக்கம் அது. சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தவர்களுக்கு அது சரி. அவர்கள் நூற்றுக்கணக்கில் செய்யுள் படித்துச் சொல்லின் இடத்தைத் தாமே கண்டுகொண்டார்கள். இன்றைய பிள்ளைக்கு அந்தச் செய்யுள்கள் இல்லை, இணைச்சொல் மட்டும் மிச்சம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த தமிழ் லெக்சிகன் சொல்லின் வேரையும் பழைய நூல் ஆட்சியையும் காட்டுகிறது. இன்று எப்படிப் பேசுகிறோம் என்பது அதன் வேலை இல்லை. அந்த வேலையை எடுத்துக்கொண்டது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு, 2008இல் இரண்டாவது, 2020இல் மூன்றாவது. அதை நடத்திய க்ரியா ராமகிருஷ்ணன் மூன்றாம் பதிப்பு வந்த ஆண்டிலேயே காலமானார். அதில் ஒரு சொல்லைப் பார்த்தால் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கும்; உயர் வழக்கா, பேச்சு வழக்கா, இலங்கை வழக்கா என்ற குறிப்பும் இருக்கும். ஒரு சொல்லைக் கற்றுக்கொள்வதில் பாதி வேலை அந்தக் குறிப்பிலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் வாங்கி வையுங்கள். உரையாசிரியர்களையும் புரட்ட ஆசை இருந்தால் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அதற்கும் 29சி போகிறது.

இப்போது வாக்கியத்தைத் திருத்துவோம். கைடுகளில் இருக்கும் ‘போட்டியில் வென்ற மாணவன் பேருவகை அடைந்தான்’ என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அதில் பிழை இல்லை, உயிரும் இல்லை. அவளுடைய பேருந்தையே வைத்துக்கொண்டு ‘நான்’ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள்: “29சி பேருந்து வந்ததும் பாட்டி பேருவகை அடைந்தார்.” நிற்கிறது. சிரிப்பும் வருகிறது. வெயிலில் நின்ற பாட்டியின் முகத்தை அவள் பார்த்திருக்கிறாள் என்று நமக்குத் தெரிகிறது. சின்ன விஷயத்துக்குப் பெரிய சொல்லைப் போட்டுச் சிரிக்க வைப்பது தமிழில் மதிப்புள்ள கலை. கல்கியும் தேவனும் ஆனந்த விகடனில் அதை வைத்தே தலைமுறைகளை வசப்படுத்தினார்கள். அந்தச் சிரிப்புக்குச் சொல்கிறவர் ஒருவராகவும் மகிழ்கிறவர் இன்னொருவராகவும் இருக்க வேண்டும், அல்லது சொல்கிறவர் தன்னையே தள்ளி நின்று பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உங்கள் மகள் இரண்டாவது வகையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினாளா என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் சிவப்புக் கோட்டைப் பொருட்படுத்த வேண்டாம்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து

பி.கு.: மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையில் ‘மட்டற்ற மகிழ்ச்சியுடன்’ போடலாமா, ‘பேருவகையுடன்’ போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பழைய பத்திரிகை ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி ஆண்டு, மாதம், திதி, நட்சத்திரம், லக்னம், யாருடைய பேரன், யாருடைய பேத்தி, எந்தச் சத்திரம் என்று எல்லாம் இருக்கும். மகிழ்ச்சி என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. வந்து ஆசீர்வதியுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அச்சகத்து மாதிரியில் இருக்கிற அந்த இரண்டு சொற்களையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கிடைக்கிற இடத்தில் மண்டபத்துக்கு எந்த பஸ் வரும் என்று போட்டால் வருகிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.